செம்பு ரூபாயும் உன் கலியாணமும்

அன்புள்ள மகன் சாமுவேலுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். நீ கேட்டிருக்கும் காரியத்துக்கு என் பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: முடியாது. நீ கேட்பது இது: அப்பா கலியாணத்துக்கு வரவேண்டாம், உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லிவிடலாம். நான் மட்டும் வந்தால் போதும். பெண் வீட்டார் கேட்டால் அப்பா கொழும்பில் பாத்திரக் கடை வைத்திருந்தார் என்று நானும் சொல்லவேண்டும். பழைய கேஸைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. இவ்வளவுதானே நீ எழுதியிருப்பது? இதைச் சொல்ல நான்கு பக்கம் செலவழித்திருக்கிறாய், வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டு. மதுரை ரயில்வே ஆபீசில் கணக்கோடு நல்ல தமிழும் கற்றுக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. என் கடிதம் அதைவிட நீளமாகத்தான் இருக்கும். உறையை ஒட்டாமல் அனுப்பப்போகிறேன். தபால்காரர் வாசித்தாலும் சரி, உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் வாசித்தாலும் சரி. ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. உன் கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்பது உனக்குத் தெரியும்; தெரிந்தேதான் எழுதினாயா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரியையும் விழுங்காமல் வாசித்துக் காட்டினேன். அவர் அப்போது வாசலில் உட்கார்ந்து ஓர் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் கையைக்கூடக் கழுவவில்லை. “பையன் சொல்லுததுல என்ன தப்பு இருக்கு? அவன் இருக்க இடம் அப்படி. நான் வீட்டுல இருந்துக்கிடுதேன். நீ போயிட்டு வா, ஏட்டி” என்றார். “நீங்க இல்லாத கலியாணத்துல எனக்கு என்ன வேலை?” என்று கேட்டேன். மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் சுபாவம் அது. சண்டைக்கு நிற்க மாட்டார். அதனால் ஜனங்கள் அவரைப் பயந்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் போலிருக்கிறது. நடந்ததை முழுவதும் நீ கேட்டதே இல்லை. அப்போது உனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னதுதான் உனக்குத் தெரிந்த கதை. இப்போது நான் சொல்லுகிறேன், கேள்.

நான் தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவள். பாளையங்கோட்டையில் மிஷன் போர்டிங்கில் வளர்ந்தேன். அங்கேதான் தமிழும் கணக்கும், கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்தும் கற்றுக்கொண்டேன். சீர் செய்ய ஆள் இல்லாத பெண்ணை யார் கட்டுவார்கள்? உன் அப்பா கட்டினார். ஊர் ஊராகப் போய்ப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், தலையெழுத்தே என்று என்னைக் கட்டவில்லை. கேட்டு வந்து கட்டினார். ஆற்றங்கரை ஊர்களில் அவரைத் தெரியாத அடுக்களை கிடையாது. தோளில் அடுப்பு ஊதும் துருத்தியும் கரி மூட்டையும் ஈயக் கட்டியுமாகப் போவார். தெருமுனையில் குழி பறித்து அடுப்பு மூட்டுவார். பொம்பளைகள் பாத்திரங்களைக் கொண்டுவந்து குவிப்பார்கள். பொழுது சாய வெள்ளை வெளேரென்று திருப்பிக் கொடுப்பார்.

அந்த வருஷம் பிசான நெல் அறுப்பு முடிந்து ஊரில் காசு புழங்கிய நேரம். ஒரு நாள் அவர் வேலை முடித்து வந்து மடியிலிருந்த சில்லறையைப் பாயில் கொட்டினார். காலணா, தம்பிடி, பழைய அரையணா, எல்லாம் செம்பு. பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அரையணா மட்டும் பார்வைக்கு வேறு மாதிரி பட்டது. வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் ராணி தலை. மறுபக்கம் பூக்கொடி, நடுவில் எழுத்து. அரையணாவில் இருக்கவேண்டிய எழுத்து அதில் இல்லை. ‘ஒன் ருபீ’ என்று இருந்தது. வீட்டில் ஒரே ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தலை, அதே கொடி, அதே எழுத்து. ஒன்று வெள்ளி, மற்றது முழுச் செம்பு. ரூபாயும் பழைய அரையணாவும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டிலும் ராணி தலை உண்டு. எழுத்து தெரியாத கைகளில் அந்தக் காசு எத்தனை வருஷம் அரையணாவாகவே ஊர் சுற்றியதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. “செம்புல ரூவாயா? சர்க்காருக்கு என்ன, புத்தி பெரண்டு போச்சா?” என்றார். அன்று அரிசி வாங்க இருவருமாகப் பலசரக்குக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சியிடம் அதைக் காட்டினார். அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வே ஞானமுத்து, உம்ம கையில ஈயம் இருக்கு. லேசா ஒரு பூச்சு பூசிரும். முழு ரூவாயா, பதினாறு அணாவுக்குப் போவும். எவன் கண்டான்?” என்று காதோடு சொல்வதுபோல் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “நான் சட்டிக்குப் பூசுதவன் அண்ணாச்சி, காசுக்குப் பூசுதவன் இல்ல” என்று அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வரும் வழியில் நான்தான் சொன்னேன்: “நாளைக்குத் தாலுகா கஜானாவுல கொண்டு காட்டுங்க. சர்க்கார் காசு. என்னன்னு சர்க்கார்கிட்டயே கேப்போம்.” பிற்பாடு ஊரில் பல பேர் என்னைக் குறை சொன்னார்கள். படித்த பொம்பளையைக் கட்டினால் இதுதான் கதி, எழுத்தை வாசிக்காமல் இருந்திருந்தால் அது அரையணாவாகவே கடையில் போயிருக்கும் என்றார்கள். போயிருக்கும்தான். நான் வாசித்தேன். இன்றைக்கு அப்படி ஒரு காசு கையில் வந்தாலும் வாசிப்பேன், கொண்டு காட்டத்தான் சொல்லுவேன்.

மறுநாள் சந்தை நாள். வேலைக்குப் போகிற வழியில் காட்டிவிட்டுப் போகலாம் என்று தோளில் மூட்டையோடேயே கஜானாவுக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா காசைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், “கொஞ்சம் இரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வந்தது போலீஸ் இன்ஸ்பெக்டர். மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொன்னார். ஈயம், பூச்சுப் பிடிக்கப் போடும் நவச்சாரம், துருத்தி, கரி. “ஏலே, கள்ளக்காசு அடிக்க என்னென்ன வேணுமோ எல்லாம் கொண்டாந்திருக்கியே லே” என்றாராம். செம்பில் ரூபாய் அடித்து, மேலே ஈயம் பூசி, வெள்ளி ரூபாய் என்று சந்தையில் மாற்றுகிறவன் என்று எழுதிவிட்டார்கள். கையைப் பின்னால் சேர்த்துக் கயிறு கட்டி, நேர்வழி இருக்க, வேண்டுமென்றே சந்தை முக்கு வழியாக சப்-ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். கருப்பட்டி விற்கிறவர்கள், மாடு பிடிக்க வந்தவர்கள், அவர் ஈயம் பூசிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்குச் செய்தி சொல்ல ஓடி வந்தவள் அழுதாள். நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்கு அழுகை வராது.

சப்-ஜெயிலுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கியே பேசினார். “இந்தாம்மா, இந்தக் காசு எந்த வீட்டுல கெடச்சுதுன்னு ஒரு வீட்டச் சொல்லச் சொல்லு. ஒரே ஒரு வீடு. இவனச் சாட்சியா மாத்தி வெளிய விட்டுருதேன்” என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். இதைச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “நெறைய வீட்டுல வேலை செஞ்சேன். எல்லாரும் செம்பாத்தான் தந்தாங்க. எது எங்கன வந்துதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?” என்றார். “உத்தேசமாக்கூடத் தெரியாதா?” என்று கேட்டேன். கம்பியருகே வந்து பைய சொன்னார்: “ஒரு வீட்டு மேல உத்தேசம் இருக்கு. உத்தேசத்தைச் சொன்னா அங்கனயும் கயிறு கொண்டுட்டுப் போவான். அந்த வீட்டுல ஆம்பிள கெடையாது. விடு.” அந்த வீடு எது என்று அன்றைக்கும் என்னிடம் சொல்லவில்லை, இன்று வரைக்கும் சொல்லவில்லை. நான் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்திருப்பார். சொல்லாததால் பங்குனியில் பிசானக் கதிர் களத்தில் இருக்கும்போது உள்ளே போனவர், ஆனியில் கார் நடவு நடக்கும்போதுதான் வெளியே வந்தார். இந்த மனுஷரைத்தான் கலியாணப் பந்தலில் காட்ட உனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதங்களில் நாம் எப்படி இருந்தோம் என்பது உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். நான் ஐந்தாறு வீட்டில் நெல் அவித்துக் குத்தினேன். கோயிலில் எனக்கு எப்போதும் முன்வரிசைக்கு அடுத்த இடம். பாதிரியார் என்னைத் தனியே கூப்பிட்டு, “கேஸ் முடியிற வரைக்கும் பின்னால உக்காருங்கம்மா, சபையார் ஒரு மாதிரி பேசுதாங்க” என்றார். அடுத்த ஞாயிறு முதல் நான் முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன். என்னை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு பையன் உன்னைக் ‘கள்ளக்காசு மகன்’ என்று கூப்பிட்டான். நீ அவன் உதட்டைக் கிழித்துவிட்டு வந்தாய். வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்து உன்னை நான் அடிக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இருந்த ரோஷம் உனக்கு மதுரைக்குப் போகிற ரயிலில் தவறி விழுந்துவிட்டதா?

விசாரணை ஒரு டிப்டி மாஜிஸ்திரேட் முன்னால் நடந்தது. வயதானவர், நம் தேசத்து மனுஷர். வக்கீல் வைக்க நமக்கு வழி இல்லை. “இவங்க பக்கத்துல யார் பேசப்போறா?” என்று அவர் கேட்டதும் நான் எழுந்து நின்றேன். கோர்ட்டுக் கச்சேரியில் இருந்த ஆண்பிள்ளைகள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, பேசு என்றார். இன்ஸ்பெக்டர் அண்ணாச்சியைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார். ஈயம் பூசி மாற்றிவிடலாம் என்று ஞானமுத்து தன் கடையில் வைத்துச் சொன்னதாக அண்ணாச்சி சொன்னார். அவரோடு நமக்கு ஒரு பகையும் கிடையாது. போலீஸுக்குப் பயந்து சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பயத்தில் சொன்ன பொய்யும் ஒரு மனுஷனை ஜெயிலில் வைக்கும்.

நான் அவரைத்தான் முதலில் கேட்டேன். “அண்ணாச்சி, என் முகத்தைப் பாருங்க. அன்னைக்கு நானும் கூடத்தான் நின்னேன். ஈயம் பூசச் சொன்னது யாரு? மாட்டேன்னது யாரு?” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாஜிஸ்திரேட் அதட்டியதும், “நான் சும்மா ஒரு வெளையாட்டுக்குச் சொன்னேன் எசமான்” என்று முனகினார். பிறகு நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னேன்: “ஐயா, இவரு ஈயம் பூசுதவரு. இந்தக் காச வெள்ளையாக்க இவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வெத்தல போட்டுத் துப்புத நேரம். கள்ளன்னா பூசிட்டுச் சந்தைக்குப் போயிருப்பாரு. செகப்பாவே தூக்கிக்கிட்டுக் கஜானாவுக்கு எதுக்குப் போனாரு? இது யாரு அடிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாது. போலீஸுக்கும் தெரியாது. காசு அடிக்குத எடத்துக்கு அனுப்பிக் கேளுங்க. அவங்க இல்லைன்னா இவர உள்ள வையுங்க.” மாஜிஸ்திரேட் ஒரு நல்ல ரூபாயை வரவழைத்தார். பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் வெகு நேரம் பார்த்தார். கடைசியில், கல்கத்தாவில் காசு அடிக்கிற சாலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்.

பதில் வர அவ்வளவு காலம் ஆயிற்று. வந்தபோது விஷயம் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அது அவர்கள் அடித்த காசுதான். அரையணாவுக்காக வெட்டிய செம்பு வில்லை ஒன்று எப்படியோ ரூபாய் வில்லைகளோடு சேர்ந்து, ரூபாய் அச்சில் விழுந்திருக்கிறது. எப்போதாவது அப்படி நடப்பதுண்டு, வெளியே வந்துவிடுவது மிக அபூர்வம் என்று எழுதியிருந்தார்கள். கல்கத்தாவில் யாரோ ஒருவன் வில்லைத் தட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குத் தாமிரபரணிக் கரையில் ஒருவன் ஜெயிலில் இருந்தான். மாஜிஸ்திரேட் விடுதலை செய்தார், காசையும் அப்பா கையிலேயே கொடுக்கச் சொன்னார். தெரியாமல் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது அப்பாவுக்கு விடாத இருமல் இருந்தது. இன்றும் பனி விழுந்தால் அது வந்துவிடுகிறது.

விடுதலையானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஊர் அப்படி இல்லை. அவர் துருத்தியோடு தெருவுக்குப் போனால் கதவைச் சாத்தினார்கள். “இன்னொரு நாள் பாக்கலாம்” என்றார்கள். கல்கத்தாக் கடிதத்தை யார் வாசித்தார்கள்? சந்தையில் கயிறு கட்டிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்று நல்லவர்களும் சொன்னார்கள். “குற்றம் செஞ்சவன் ஊரை விட்டுப் போவான், நாங்க எதுக்குப் போகணும்?” என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் அந்த இன்ஸ்பெக்டரே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஜில்லாவில் பெரிய துரை ஒருவர் அபூர்வக் காசுகளைச் சேர்க்கிறவராம். கச்சேரிக் காகிதத்தில் இந்தக் கதையை வாசித்துவிட்டு, அந்தச் செம்பு ரூபாய் எனக்கு வேண்டும், நூறு ரூபாய் தருகிறேன், வாங்கி வா என்று இவரையே அனுப்பிவிட்டார். நூறு ரூபாய்! நான் அதுவரை அவ்வளவு பணத்தைச் சேர்த்துப் பார்த்ததில்லை. அப்பா எழுந்து, “சும்மாவே கொண்டு போங்கய்யா, அந்தச் சனியன் வீட்டுல இருக்க வேண்டாம்” என்று காசு இருந்த மாடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். “தாரோம். பணமும் வேணும், இன்னொண்ணும் வேணும். வாற சந்தைக்கு, எந்த முக்கு வழியா இவரக் கட்டிக் கூட்டிட்டுப் போனீங்களோ அந்த முக்குல வந்து இவர்ட்டக் கேட்டு வாங்கிக்கிடுங்க. உடுப்போட வரணும்” என்றேன். இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. “என்ன பேச்சு பேசுதா, வே?” என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா கையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்: “அவ சொன்னா சொன்னதுதான்யா.” நான் அவரைக் கட்டியதற்காகச் சந்தோஷப்பட்ட நாட்கள் பல உண்டு. அதில் அந்த நாளைத்தான் முதலாவது சொல்லுவேன்.

துரை விடவில்லை போலிருக்கிறது. சந்தை நாளில் இன்ஸ்பெக்டர் வந்தார், உடுப்போடுதான். கூட்டம் தானாகச் சேர்ந்துவிட்டது. நான் கருப்பட்டிக் கடை ஓரமாக நின்றேன். இனிப் பேசவேண்டியது அவர்தான் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. “ஞானமுத்து, அந்தக் காசத் தாரும் வே. துரை கேக்காரு” என்றார் இன்ஸ்பெக்டர். அன்று ‘லே’ போட்டு அதட்டியவர் இன்று ‘வே’ போட்டு மரியாதையாகக் கேட்டார். அப்பா காசை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, “எந்தக் காசுய்யா?” என்று கேட்டார். “அதான், அந்தச் செம்புக் காசு.” அப்பா கையைத் திறக்கவில்லை. “அது கள்ளக்காசாய்யா, நல்ல காசாய்யா?” என்றார். “நல்ல காசுதான் வே” என்று இன்ஸ்பெக்டர் பல்லுக்குள் சொன்னார். “பைய சொல்லுதீயளே. இங்கன நிக்கவங்களுக்குக் கேக்கல.” இன்ஸ்பெக்டருக்கு வேறு வழி இல்லை. “நல்ல காசு! சர்க்கார் அடிச்ச காசு! போதுமா?” என்று கத்தினார். “போதும்யா” என்று அப்பா கையைத் திறந்து கொடுத்தார். பணத்தை வாங்கி என்னிடம் தந்துவிட்டு, துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் கரி தீர்ந்து, கடன் சொல்லி வாங்கும் அளவுக்கு வேலை வந்தது. அண்ணாச்சி கடையில் மட்டும் நான் அதற்குப் பிறகு ஒரு பிடி கடுகு வாங்கவில்லை. அவர் செத்தபோது போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த நூறு ரூபாய் என்ன ஆயிற்று என்று நீ கேட்டதில்லை. நீ ஹைஸ்கூலில் போர்டிங்கில் இருந்து படித்தாய். அதற்குப் போனது அதுதான். உன் ஆபீஸ் நாற்காலி அதிலிருந்து வந்தது. சொல்லிக்காட்ட வேண்டும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றியதில்லை. உன் கடிதத்தை வாசித்தபின் தோன்றுகிறது. இன்னொன்றும் யோசித்துப் பார். யுத்தத்தில் வெள்ளி கிடைக்கவில்லை என்று இப்போது சர்க்காரே ரூபாயைக் காகிதத்தில் அச்சடித்துத் தருகிறது. உன் சம்பளமும் அதில்தான் வருகிறது. அதை யாரும் கள்ளக்காசு என்று சொல்லி யாரையும் கயிறு கட்டி இழுக்கவில்லை. கையில் வாங்கி, மடித்து வைத்துக்கொண்டு போகிறார்கள்.

நீ ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போகிறாய். கொழும்புப் பாத்திரக் கடையை ஒரு நாள் சொல்லிவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்கிறாயா? அந்தக் கடையை நீ ஆயுள் முழுக்க நடத்தவேண்டும். கடை எந்தத் தெரு, எதற்காக மூடினார், ஏன் யாரும் அங்கிருந்து கடிதம் எழுதுவதில்லை என்று அவள் கேட்பாள். உங்கள் தெருவில் ‘ஈயம் பூசலையோ’ என்று ஒருவன் கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் நீ அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பாய். உன் பிள்ளைகள் தாத்தாவைப் பார்க்க வரும் நாளில் அவர் கையிலிருக்கும் சூட்டுத் தழும்புகளுக்கு என்ன கதை சொல்லுவாய்? நான் கையில் ஒன்றுமில்லாமல் கலியாணம் ஆனவள். ஆனால் என் வீட்டுக்காரரைப் பற்றி யார் என்ன கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லுவேன். இந்த ஒரு சுகம் உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்லுகிறேன். வியாழக்கிழமை காலை வண்டியில் திருநெல்வேலி போய், அங்கிருந்து ஜட்கா வண்டி பிடித்துப் பாளையங்கோட்டைக்கு, உன் பெண் வீட்டுக்குப் போனேன். யாரையும் கேட்டுப் போகவில்லை. பெண்ணின் அப்பா தலைமையாசிரியராக இருந்தவர் என்று எழுதியிருந்தாய். கண்டிப்பான மனுஷர் போலத்தான் இருந்தார். நான் உட்கார்ந்து, உனக்கு எழுதியிருப்பதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “உங்க மகன் எங்கிட்ட, அப்பாவுக்குக் கொழும்புல கடைன்னுல்லா சொன்னாரு?” என்றார். “அது பொய்” என்றேன். “ஈயம் பூசுதது ஒரு கொறச்சலா அம்மா? ஜெயிலுக்குப் போனதும் அநியாயமாப் போனது. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. பெத்த தகப்பனையே மறைச்சவரு, நாளைக்கு என் மகள்ட்ட என்னத்த மறைக்க மாட்டாரு?” என்றார். உனக்காகப் பரிந்து பேசத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் கலியாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பதாக இருந்ததாம். அதை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்.

நீ என் மேல் கோபப்படுவாய். படு. உன் கலியாணத்தை அம்மாவே கெடுத்துவிட்டாள் என்று நாலு பேரிடம் சொல்லு. நான் வருத்தப்படவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் ரூத் என் பின்னாலேயே ஜட்கா வரை வந்தாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. “அத்தை, அவங்கள வரச் சொல்லுங்க. நீங்க சொன்னத அவங்க வாயால எங்கிட்டச் சொல்லட்டும். அப்புறம் நான் என்ன முடிவு எடுக்கணுமோ எடுக்கேன். மாமாவையும் கூட்டிட்டு வாங்க. நான் அவங்களப் பாக்கணும்” என்றாள். சரி என்பாளா, மாட்டேன் என்பாளா என்று எனக்குத் தெரியாது. மாட்டேன் என்றால் அதுவும் அவள் உரிமை. ஆனால் இவள் உனக்கு அமைந்தால் நீ தப்பித்தாய் என்று ஜட்காவில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். தலைமையாசிரியர் சொன்னதையும் சொன்னேன், ஓலை நின்றதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அந்தப் பிள்ள என்னைய மாமான்னா சொல்லிச்சு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “என்னையப் பாக்கணும்னு சொல்லிச்சா?” என்று மறுபடியும் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தார். நேற்று சவரம் செய்துகொண்டுவிட்டார். வேட்டி வெளுக்கப் போயிருக்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை மதுரையில் வண்டி ஏறு. திருநெல்வேலி ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். வருவேன், மாட்டேன் என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. நீ வராவிட்டாலும் நானும் அவரும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவோம்.

இப்படிக்கு
உன் அம்மா